30 நாள் கணக்கும் என் கணுக்காலும்



போன எபிசோட்ல ஹெல்த் ஆப்கள் காட்டும் எண்களை எவ்வளவு நம்பலாம்னு பேசினோம். அங்கே சொல்லாமல் விட்ட என் சொந்தக் கதை இது.

2009 குளிர்காலத்தில், நியூ ஜெர்சியில் ஒரு பார்க்கிங் லாட்டில் பனியில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் மூட்டு தேய ஆரம்பித்தது. இப்போ இந்தியன் ஸ்டோரில் ஒரு சுற்று சுற்றினாலே வலி உயிரை எடுக்குது. டாக்டர் சொன்ன வழி, கணுக்கால் மூட்டை ஸ்க்ரூ போட்டு ஒரே எலும்பாக இணைத்துவிடும் ஃப்யூஷன் ஆபரேஷன். "முதல்ல சிகரெட்டை நிறுத்துங்க, வேப்பிங்கும் கூடாது. அப்புறம்தான் தேதி" என்றார்.

நம்ம புத்தி தெரியுமே! அன்று இரவே, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் இணையத்தில் வைத்திருக்கும் ரிஸ்க் கால்குலேட்டரைத் திறந்தேன். வயது, எடை, சர்க்கரை, சிகரெட் எல்லாம் தட்டினேன். வந்த எண் சின்னதுதான். இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினார் என்று தோன்றியது.

பிறகுதான் உறைத்தது. அது சொல்வது ஆபரேஷனுக்குப் பின் 30 நாளுக்குள் வரக்கூடிய சிக்கல்களை: தொற்று, ரத்தக்கட்டி, மறுபடி ஆஸ்பத்திரியில் சேருவது போன்றவை. எலும்பு சேர்ந்ததா என்பது தெரியவோ மாதக்கணக்கில் ஆகும். என் பெரிய பயமே அதுதான். அது அந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை. கருவி பொய் சொல்லலை. நான்தான் அதனிடம் இல்லாத பதிலைத் தேடினேன்.

நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். புகைப்பவர்களுக்குக் கணுக்கால் எலும்பு சேராமல் போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட 4 மடங்கு என்று 1994இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அடுத்தது சர்க்கரை. கடந்த 2, 3 மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எவ்வளவு, பாதம் மரத்துப் போயிருக்கா என்பதெல்லாம் டாக்டருக்கு முக்கியம். கால்குலேட்டரோ சர்க்கரைக்கு மாத்திரையா, இன்சுலினா என்பதோடு நின்றுவிடும். சிகரெட்டுக்கு, கடந்த ஒரு வருஷத்தில் பிடித்தீர்களா என்ற கேள்விதான். நான் இன்று நிறுத்தினாலும் அந்த டிக் ஒரு வருஷத்துக்கு மாறாது. என் எலும்பு அவ்வளவு நாள் காத்திருக்காது.

என் கருத்து இதுதான். எந்தக் கருவி எண் கொடுத்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்க: இது எத்தனை நாளுக்கான கணக்கு? இதில் நான் மாற்றக்கூடியது எது? ரெண்டுக்கும் பதில் தெரியாமல் அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியும் அடையாதீங்க, பயப்படவும் செய்யாதீங்க. டாக்டரிடம் போய்க் கேளுங்க.

சிகரெட்டை விட்டு இன்றோடு 41 நாள். அடுத்து நிகோடின் தடயம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. வேப் இழுத்தாலும் அதில் மாட்டிக்குவேன். பாஸானால், அடுத்த சில எபிசோடுகளைக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பதிவு செய்வேன். பொறுத்துக்கோங்க.