‘இங்கே விளையாடக் கூடாது’

‘கார் நிறுத்துமிடத்தில் பந்து விளையாடக் கூடாது, மீறினால் அபராதம்.’ சென்னைப் புறநகர் அடுக்குமாடிகளில் லிஃப்ட் கதவருகே இப்படி ஒரு தாள் ஒட்டியிருப்பது புதிதல்ல. கார்க் கண்ணாடி உடைகிறது, மதியத் தூக்கம் கெடுகிறது, நடைப்பயிற்சி போகும் பெரியவர்மீது பந்து படுகிறது. புகார்கள் பொய்யல்ல. ஆனால், பிள்ளைகள் வேறெங்கே போவார்கள்? வெளியே தண்ணீர் லாரி. உள்ளே புல்தரையில் ‘மிதிக்காதீர்’ பலகை. வீட்டை விற்கும்போது கொடுத்த வண்ணக் கையேட்டில் மட்டும் சறுக்குமரத்தில் ஒரு குழந்தை இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

ஜெர்மனி 2011இல் சட்டத்தைத் திருத்தி, விளையாட்டுத் திடல்களிலும் காப்பகங்களிலும் எழும் குழந்தைகளின் சத்தத்தைப் பொதுவாகத் தீங்கான இரைச்சலாகக் கருதக் கூடாது என்றது. 1992இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, விளையாட்டை உரிமை என்றே சொல்கிறது. நம் குடியிருப்போர் சங்க நிர்வாகிகள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஜெனரேட்டர் இரைச்சலைப் பொறுக்கும் காதுக்கு, ‘அவுட்டா இல்லையா’ சண்டை மட்டும் ஏனோ பொறுக்கவில்லை.

மாலை ஐந்து முதல் ஏழு வரை ஒரு வரிசைக் கார்களை நகர்த்தி, ரப்பர் பந்துக்கு இடம் விடுங்கள். அடுத்த பொதுக்குழுவுக்குப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்.