கருத்து மோதல்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு: முடிவெடுப்பவர் யார் என்பது முன்பே தெரிய வேண்டும்

கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கும் தன்னார்வலர் குழு நாங்கள். எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை ஒரே ஒரு பொத்தானைப் பற்றியது. அதில் ‘பதிவிறக்கு’ என்று இருக்க வேண்டுமா, ‘தரவிறக்கு’ என்று இருக்க வேண்டுமா? இறங்குவது தரவுதானே, பதிவு எங்கிருந்து வந்தது என்றது ஒரு தரப்பு. புழங்கிவிட்ட சொல்லில் கைவைக்காதீர்கள் என்றது இன்னொரு தரப்பு. இதுவரை நல்ல விவாதம்தான். மூன்றாம் நாள் இரவு, ‘இலக்கணம் தெரியாதவர்களுக்கு இங்கே என்ன வேலை’ என்று ஒருவர் எழுதினார். அந்தப் பொத்தானுக்கான திருத்தத்தை அனுப்பியிருந்த கல்லூரி மாணவி அதற்குப் பின் எதையும் அனுப்பவில்லை. பொத்தான் பல மாதம் ஆங்கிலத்திலேயே கிடந்தது.

அந்த ஒரு வரியை எழுதியவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நாங்கள் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று நாளும் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் யார் என்றே எங்கள் விதிகளில் இல்லை. முடிவு எங்கே, எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் ஆட்கள் குரலைத்தான் உயர்த்துவார்கள்.

முடிவெடுப்பவர் தெளிவாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் ஆண்டுக்கணக்கில் அதன் இறுதி நடுவராக இருந்தார். முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பதா என்று, பெப் 572 என்ற முன்மொழிவைச் சுற்றி எழுந்த விவாதம் 2018இல் மாதக்கணக்கில் கொதித்தது. தந்தமும் கண்ணும் போலத் தெரிவதால் அதற்கு ‘வால்ரஸ்’ என்று செல்லப்பெயர். கைடோ அதை ஏற்றார். ஜூலை 12 அன்று நடுவர் பொறுப்பிலிருந்தே விலகினார். ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடவும், தன் முடிவை இத்தனை பேர் வெறுப்பதைப் பார்க்கவும் இனி விருப்பமில்லை என்பதே அவர் சொன்ன காரணம். வாரிசாக யாரையும் அவர் நியமிக்கவில்லை. பல ஆட்சிமுறை வரைவுகளைப் பார்த்து, வாக்கெடுத்து, ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு ஒன்றை நிரலாளர்களே அமைத்துக்கொண்டார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எங்களுக்கு இதில் மிகவும் பிடித்த விதி இதுதான்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று பேர் கொண்ட தீர்வுக் குழு ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும். விவாதம் தொடங்கும்போதே முடிவுத் தேதியும் அறிவிக்கப்படும். பதினான்கு நாளுக்கு மேல் போகாது. நிரலையும் சொல்லையும் எவ்வளவு கடுமையாகவும் விமர்சிக்கலாம். ஆளைத் தொட்டால் அந்தப் பதிவு நீக்கப்படும், எழுதியவர் ஒரு வாரம் விலகியிருக்க வேண்டும். மூத்தவர், நிறைய எழுதிக் கொடுத்தவர் என்ற சலுகை கிடையாது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் தன் மின்னஞ்சல்களின் கடுமைக்கு வருத்தம் தெரிவித்துச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அவரைவிட நாங்கள் என்ன பெரிய ஆட்களா?

தோற்றவர்கள் பிரிந்து நிரலை நகலெடுத்துத் தனிக்கிளையாக (ஃபோர்க்) வளர்த்தால் அதைத் துரோகம் என்று பேச மாட்டோம். ஜிசிசி கம்பைலரின் வளர்ச்சி வேகம் போதவில்லை என்று 1997இல் ஈஜிசிஎஸ் என்று பிரிந்தவர்களின் பதிப்பே, 1999இல் அதிகாரபூர்வ ஜிசிசி ஆனது. எல்லாப் பிரிவும் அப்படிக் கூடிவரும் என்று சொல்லவில்லை. சிஸ்டம்டி என்ற தொடக்க நிரலை ஏற்பதா என்ற சண்டையில் டெபியன் லினக்ஸை விட்டுப் போனவர்கள் தொடங்கிய டெவுவான் இன்றும் தனியாகத்தான் இருக்கிறது. அதுவும் தவறில்லை.

எங்களுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு உண்டு. பதினான்கு நாள் போதாது, வேலை முடித்துவிட்டு இரவில் வருபவர்களுக்கு அது இரண்டு வார இறுதிகள்தான் என்கிறார்கள். நியாயமான பேச்சு. தீர்வுக் குழு விரும்பினால் ஒரு முறை ஏழு நாள் நீட்டிக்கலாம் என்று சேர்த்திருக்கிறோம். இரண்டாம் முறை கிடையாது.

பொத்தான் விவகாரம் புதிய முறையில் முதல் வழக்காக வந்தது. இப்போதைக்குப் ‘பதிவிறக்கு’. தரவிறக்குக்காக வாதாடியவர்களின் காரணங்கள் சொற்பட்டியலில் அதே வரிக்குக் கீழே முழுதாக இருக்கின்றன. ஓராண்டு கழித்து யார் வேண்டுமானாலும் மறுபடி எழுப்பலாம். மாணவிக்குக் குழுவின் சார்பில் மன்னிப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.