பஞ்சு வியாபாரத்தில் லாபம் யாருக்கு?

நாடுகள் தடையின்றிக் கொடுக்கல் வாங்கல் செய்தால் இரு தரப்புக்கும் லாபம் என்று 1817-ல் டேவிட் ரிக்கார்டோ எழுதினார். இன்றைய பண்டிதர்களும் அதையே ஓதுகிறார்கள். நாட்டுக்கு லாபம் சரி. நாட்டில் யாருக்கு லாபம்? அதைத்தான் அவர்கள் சொல்வதில்லை.

நெல்லைச் சீமைக்கு இக்கேள்வி புதிதல்ல. நமது கரிசல் பருத்தி தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியது. லங்காஷயர் துணி வந்திறங்கியது. ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கொழுத்த லாபம். கைத்தறிக்காரனின் பிழைப்பில் மண்! 1880-களில் பாபநாசம் அருவியின் விசையைக் கொண்டு ஹார்வி கம்பெனி ஆலை ஓட்டியது. தாமிரபரணி ஊருக்குப் பொது; அது சுழற்றிய சக்கரத்தின் லாபமோ வெள்ளை முதலாளிக்கு. அக்கம்பெனியின் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். போராடித்தான் கூலி உயர்ந்தது. வியாபாரம் பெருகியதால் அல்ல.

இப்போது நடந்தது என்ன? 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது 50 சதவீத வரி போட்டது. மத்திய சர்க்காரோ ஆகஸ்ட் 19 முதலே பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை நீக்கி, அதை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஐப்பசி மழையை நம்பி விதை ஊன்றும் கோவில்பட்டி, விளாத்திகுளம் விவசாயி, அந்நியப் பஞ்சு வரியின்றி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே விதைக்க நேர்ந்தது.

அமெரிக்கப் பஞ்சு தடையற்ற போட்டியில் வென்ற பஞ்சா? இல்லை. அந்நாட்டு சர்க்காரின் மானியத்தில் வளர்ந்த பஞ்சு. பிரேசில் தொடுத்த வழக்கில் அம்மானியம் விதிமீறல் என்று உலக வர்த்தக அமைப்பே 2005-ல் தீர்ப்பளித்தது. 2014-ல் 30 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா வழக்கை முடித்துக்கொண்டது. நமது கரிசல் விவசாயிக்கு எவன் நஷ்டஈடு கொடுத்தான்?

'பஞ்சு மலிந்தால்தானே நூற்பாலை ஓடும், தொழிலாளிக்கு வேலை கிடைக்கும்?' என்று கேட்கிறார்கள். ஆலை ஓட வேண்டியதுதான். ஆனால் அதற்கான செலவை விவசாயி தலையில் ஏன் கட்ட வேண்டும்? விவசாயியையும் தொழிலாளியையும் மோதவிட்டு நடுவில் லாபம் அள்ளுவது முதலாளிகளின் பழைய தந்திரம்.

வர்த்தகமே கூடாதென்று நாம் சொல்லவில்லை. அதன் லாபம் ஒரு பக்கமும் நஷ்டம் ஒரு பக்கமும் குவியக்கூடாது என்கிறோம். இந்தியப் பருத்திக் கழகம் ஆதார விலையில் கரிசல் பருத்தியைக் கொள்முதல் செய்யட்டும். ஆலைகளுக்குச் சலுகை வேண்டுமானால் சர்க்கார் தன் கஜானாவிலிருந்து கொடுக்கட்டும்; ஆட்குறைப்பு கூடாது, கூலிவெட்டு கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கட்டும். கரிசல் காடும் ஆலை வாசலும் ஒரே குரலில் கேட்டால்தான் இது கிடைக்கும்.