காரின் விலை வேறு, காரின் செலவு வேறு

எமது வியாபாரிகள் கடைக்குச் சரக்கு எடுக்கும்போது காட்டும் கவனத்தை, கார் எடுக்கும்போது காட்டுவதில்லை. ஒரு மூடை சீனிக்கு ஐம்பது ரூபா குறைத்துக் கேட்டு அரை மணித்தியாலம் பேரம் பேசுகின்ற ஒருவர், ஒன்றரைக் கோடி ரூபா வாகனத்தை நிறத்தையும் பெயரையும் பார்த்து ஒரு பின்னேரத்தில் முடிவு செய்துவிடுகிறார். என்ன விலை என்று எல்லோரும் கேட்கிறோம். அதை வைத்திருக்க மாதம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பவர் மிகக் குறைவு. நடுத்தர வியாபாரங்கள் பலவற்றின் கைமுதல் கரைவது இந்த இடத்தில்தான் என்பது எனது கருத்து.

"வாகனத்தில் போட்ட காசு வீண்போகாது" என்ற நம்பிக்கை எம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இன் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. மூன்று வருடம் ஓடிய காரை வாங்கிய விலையை விடக் கூட்டி விற்றவர்களை நாம் கண்டோம். ஆனால் விற்ற காசுக்கு அதே போன்ற இன்னொரு காரை அவர்களால் வாங்க முடிந்ததா? முடியவில்லை. கார் பெறுமதியில் ஏறவில்லை, ரூபாதான் இறங்கியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் ஆரம்பமானது. எனவே அந்த ஐந்து வருடங்களின் கணக்கை வைத்து இனி முடிவெடுப்பது ஆபத்தானது. எந்த நாட்டிலும் கார் என்பது ஓட ஓடத் தேயும் பொருள்தான்.

சந்தையில் சில வாகனங்கள் பார்த்தவுடன் மலிவாகத் தெரியும். பத்து வருடம் ஓடிய ஐரோப்பிய சொகுசுக் கார், அதே வயதுடைய சாதாரண ஜப்பான் காருக்குக் கிட்டிய விலையில் கிடைத்தால் ஆசை வருவது இயல்பு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இத்தகைய வாகனங்களுக்கே பொருந்தும். காற்று நிரப்பிய சஸ்பென்ஷன் உள்ள காரில் ரப்பர் பை வெடித்துக் காற்றுக் கசிந்தால், அதை ஈடுசெய்ய கொம்பிரஷர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். ஒரு பழுது இரண்டு பழுதாகிறது. ரன்-ஃபிளெட் டயர் பூட்டிய கார்கள் பலவற்றில் மேலதிகச் சில்லே கிடையாது. டயரின் விலையும் கூட. வயது போகப் போக ரேடியேற்றரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பாகங்கள் வெடிக்கத் தொடங்கும். கார் பழைய விலைக்குக் கிடைத்தாலும், உதிரிப்பாகம் புதிய காரின் விலையில்தான் வரும், அதுவும் டொலரில்.

ஹைபிரிட் கார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனபோது ஹைபிரிட்டின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. அவை நல்ல வாகனங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெற்றோலில் மிச்சமாகும் காசில் ஒரு பகுதியை பெட்டரிக்கென்று ஒதுக்கி வைக்காதவர் உண்மையில் மிச்சம் பிடிக்கவில்லை. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் பெட்டரியில் 28 தனித்தனிக் கட்டிகள் உள்ளன. ஒன்று பலவீனமானால் அதை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்வார்கள். மற்ற இருபத்தேழும் அதே வயதுடையவை என்பதை மறந்துவிடக் கூடாது. பின் ஆசனத்துக்குப் பக்கத்தில் உள்ள காற்றுத் துவாரம் தூசியால் அடைபட்டால் பெட்டரி சூடேறி ஆயுள் குறையும். அதைச் சுத்தம் செய்வது சிறு செலவு. செய்யாமல் விடுவது பெருஞ்செலவு.

வியாபாரிக்கு இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அது கணக்கில் தெரிவதில்லை. ஒருவர் 90 இலட்சம் ரூபா காரோடு நின்றுகொள்ளாமல் ஒன்றரைக் கோடிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலதிகமாகப் போனது 60 இலட்சம். அது கடையில் சரக்காக இருந்து வருடம் நான்கு தடவை சுழன்று, ஒவ்வொரு தடவையும் ஐந்து வீதம் மிச்சம் தந்தால், வருடத்துக்கு 12 இலட்சம் ரூபா. அதாவது அந்த மேலதிக 60 இலட்சம், கார் கராஜில் நின்றாலும் வீட்டு வாசலில் நின்றாலும், மாதம் ஒரு இலட்சத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. இது யானையைக் கட்டித் தீனி போடுவது போன்றதுதான். லீசிங்கில் எடுத்தவருக்கு, பெருநாள் வியாபாரம் முடிந்து கடை மந்தமாகும் மாதங்களிலும் தவணை தவறாமல் வந்து நிற்கும்.

"நல்ல காரில் போனால்தானே மொத்த வியாபாரி மதிப்பான்" என்று என்னிடம் வாதாடுபவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் கெய்சர் வீதியில் கடனுக்குச் சரக்குத் தருபவர் முதலில் பார்ப்பது உங்களது காசோலை திரும்புகிறதா இல்லையா என்பதைத்தான். காருக்காகக் காசோலையைத் திரும்ப விட்டவரின் மதிப்பை எந்தக் காராலும் காப்பாற்ற முடியாது.

எனவே கார் வாங்க முன்னர் மூன்று விடயங்களைப் பாருங்கள். முதலாவது, அதன் பாகங்கள் பஞ்சிகாவத்தையில் போன அன்றே கிடைக்குமா, அல்லது வெளிநாட்டிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டுமா? இரண்டாவது, உங்கள் ஊர் கராஜில் அதைத் திருத்தத் தெரிந்தவர் உண்டா? கல்முனையில் நின்றுபோன காரை 300 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்புக்கு ஏற்றி அனுப்புவதானால், ஏற்றுக்கூலியோடு உங்கள் வியாபார நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மூன்றாவது, உங்களுக்குப் பின் அதை வாங்க ஆள் உண்டா?

வாங்கிய பின்னர், கடைக் கணக்கில் காருக்கென்று ஒரு பக்கம் திறவுங்கள். ஒன்றரைக் கோடிக்கு வாங்கியது ஐந்து வருடத்தில் 30 இலட்சம் இறங்கும் என்றால், அது மாதம் 50,000 ரூபா. அதனோடு காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், பெற்றோல், சேர்விஸ், டயர், திருத்த வேலைக்கான ஒதுக்கம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த மொத்தத்தைக் கடையின் மாத இலாபத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலாபத்தில் கால்வாசியைக் கார் தின்கிறதென்றால், கடைக்காகக் கார் ஓடவில்லை, காருக்காகவே கடை நடக்கிறது.