புகை யாருடையது?

சென்ற மாதம் ஆசிரிய நண்பர்கள் சிலர் கூடியிருந்தபோது பேச்சு பழைய கார்களின் பக்கம் திரும்பிற்று. முற்போக்கான எண்ணங்கொண்ட நண்பர் ஒருவர் சொன்னார்: "புகைப் பரிசோதனையில் தேறாதவற்றையும், எஞ்சின் மாற்றிப் பதியாமல் ஓடுபவற்றையும் பறித்து உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட வேண்டும்." அவருடைய நோக்கம் நல்லது. ஆனால் அவர் கண்ட முடிவு தவறானது. அது தவறென்று அன்றே சொன்னேன். ஏன் தவறென்பதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்வோம். புகை நஞ்சு. பெற்றோல் எஞ்சின் கக்கும் காபனோரொட்சைட்டு இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. டீசலின் கரித்துகள் நுரையீரலின் அடிவரை இறங்கித் தங்குகிறது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ தெருவோரமாக நடந்து போகும் பிள்ளைக்கு எந்தக் காரின் புகையும் கேடுதான். ஏழையின் கார் என்பதற்காக அதன் புகை இனித்துவிடாது.

ஆனால் இந்தக் கார்களின் எஞ்சின்கள் ஏன் மாற்றப்பட்டன என்று நண்பர் கேட்டாரா? இல்லை. கேட்டிருந்தால் பேச்சின் போக்கே வேறாக இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மூன்று தலைமுறையாக ஓடிய ஒஸ்ரின் ஏ 40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியவை இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெற்றோலுக்கென்று செய்யப்பட்டவை. 1990 இல் பாதை மூடப்பட்டுப் பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் குதிரைக்கொம்பாயிற்று. சாரதிகள் சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எரியாமல் மிஞ்சியது பிஸ்டனின் வளையங்களைக் கடந்து கீழே வழிந்து, எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்து, இரும்பை இரும்பே தின்ன வைத்தது. எஞ்சின் செத்தது, கார் நின்றது. நின்ற காரை ஓடவைக்க, உடைந்துபோன வான் ஒன்றின் டீசல் எஞ்சினையோ, கிடைத்த வேறெதையோ தூக்கிப் பொருத்தினார் கராஜ்காரர். இது ஆடம்பரத்துக்காகச் செய்த மாற்றமன்று. காயப்பட்டவரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்க்க வேறு வண்டி இல்லாத காலத்தில் செய்த மாற்றம்.

எங்கள் ஊரில் வாடகைக் கார் ஓட்டிய பெரியவர் ஒருவர் 1990 இல் குடும்பத்தையும் காரையும் கொண்டு வலிகாமத்துக்கு இடம்பெயர்ந்தவர். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. காருக்குப் பழைய எஞ்சின் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, மாற்றிய எஞ்சினைப் பதியவென்று கந்தோர் ஒன்றுக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன். "எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு எங்கே?" என்று கேட்டார் உத்தியோகத்தர். "ஐயா, அந்த நாளையில எங்கட உயிருக்கே துண்டு இல்லை. எஞ்சினுக்குத் துண்டு ஆர் தந்தது?" என்றார் பெரியவர். உத்தியோகத்தர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. கடதாசிகளைத் திருப்பித் தந்தார். அவ்வளவுதான்.

சட்டம் தெளிவானது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு வாகனமும் பதியப்பட வேண்டும். எஞ்சின் இலக்கம் பதிவிலே நிற்கும். மாறினால் பதிவும் மாறவேண்டும். 2008 இல் புகைப் பரிசோதனைத் திட்டம் தொடங்கி, அந்த வேலை இரண்டு தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான உத்தரவுப் பத்திரம் இல்லை. ஆக, பதிவு ஒரு வாசல்; புகை இன்னொரு வாசல். முதலாவது வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவன் தன் புகையைத் திருத்த ஏன் முயலப்போகிறான்? சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்ட காரின் புகையை அளப்பவர் யார்?

மற்ற நாடுகளைப் பாருங்கள். இங்கிலாந்தில் 2018 முதல், நாற்பது ஆண்டு கடந்து பெருமளவு மாற்றப்படாத கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனையிலிருந்தே விலக்கு உண்டு. கலிபோர்னியாவில் 1975 ஆம் ஆண்டுக்கும் அதற்கு முந்திய ஆண்டுகளுக்குமுரிய பெற்றோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை இல்லை. அங்கே அது பாரம்பரியம்! செல்வரின் கொட்டகையில் மினுங்கினால் பழைய கார் கலைப்பொருள். தீவகத்தான் வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டினால் தகரக் கூடு. மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் உடலில் வார்க்கப்பட்ட அம்பாசடருக்கு இந்தியத் தொழிற்சாலையே பின்னாளில் யப்பானிய இசுசு எஞ்சினைப் பொருத்தி விற்றது. தொழிற்சாலை செய்தால் அது அபிவிருத்தி. கராஜ்காரர் செய்தால் குற்றமோ?

புகையைப் பற்றிப் பேசுவோர் 2015 ஐ மறக்கக்கூடாது. வொல்க்ஸ்வாகன் நிறுவனம் உலகெங்கும் சுமார் 1 கோடி 10 இலட்சம் டீசல் கார்களில், பரிசோதனை வேளையில் மட்டும் சுத்தமாக நடிக்கும் கணினி நிரலை வைத்திருந்தது அம்பலமாயிற்று. நமது முற்றத்துக்கே வருவோம். சுன்னாகம் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் குடாநாட்டுக் கிணறுகளைக் கெடுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி பணித்தது. நல்ல தீர்ப்பு. ஆயினும் பெருநிறுவனத்தின் குற்றத்தை மெய்ப்பிக்க ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. பெரியவரின் காரை நிறுத்த ஒரு நிமிடம் போதுமாயிருந்தது.

பறித்து உடைக்கச் சொல்லும் நண்பர் பதிலுக்கு எதைத் தருவார்? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 இலேதான். இடையில் பழைய காரின் விலையே ஏறிற்று. புதிய காரை வாடகைக்காரன் கனவிலும் வாங்கமாட்டான். புங்குடுதீவில் நடுச்சாமத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் எந்தக் கொள்கைப் பிரகடனம் வந்து ஏற்றிப்போகும்?

ஆகவே நான் கேட்பது மூன்று. முதலாவது, போர்க்காலத்தில் மாற்றப்பட்ட எஞ்சின்களைப் பதிய ஒரு கால எல்லை குறித்துத் தண்டமில்லாத வாய்ப்புத் தரவேண்டும். சத்தியக் கடதாசியும் கிராம உத்தியோகத்தரின் உறுதியும், களவுப் பொருளன்று என்பதற்கான பரிசோதனையும் போதும். இரண்டாவது, புகையில் சலுகை வேண்டாம். அளவுங்கள். தேறாத காருக்குக் காபிரேட்டரையோ டீசல் பம்பையோ திருத்தக் கால அவகாசமும் குறைந்த செலவில் தொழில்நுட்ப உதவியும் கொடுங்கள். மூன்றாவது, பரிசோதனை பொதுமக்களின் சேவையாக இருக்கட்டும். குறிகட்டுவானில் கடல் தாண்டி நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் மனிதர் போகிறார்கள்; அளக்கும் கருவியும் போகலாம்.

பதிவை மன்னியுங்கள், புகையை மன்னிக்க வேண்டாம் என்பதே என் வாதம். சூழலைக் காப்பதும் உழைப்பவனைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று நம்மை நம்பவைப்பதில் யாருக்கோ இலாபம் இருக்கிறது. அந்த இலாபத்துக்கு நாம், அதிலும் ஆசிரியர்களாகிய நாம், குரல் கொடுக்கலாமா?

பெரியவரின் கார் இன்றும் பூவரச மரத்தின் கீழ் நிற்கிறது. அது புகை விடுவதில்லை. அவர் வீட்டு அடுப்பும் பல நாட்களில் புகைவதில்லை.