'ஏனையவை' என்ற மூலை

எங்கட ஊர் நிரலாளர்களுக்கு விபரக்கொத்து ஒன்று தொகுக்கிறோம். ஜாவா, பைதன் என்று மொழிவாரியாகப் பிரித்து, பக்கத்தில் 'தொடக்கநிலை, இடைநிலை, நிபுணர்' என மூன்று பெட்டி வைத்தோம். கலைப்பீடக்காரர் எங்களுக்கு அது போதும் போலத்தான் இருந்தது.

ஆறு மாதக் கோர்ஸ் முடித்த தம்பி 'நிபுணர்' என்று போட்டிருந்தார். பாமினியில் தட்டின பழைய சங்க மலர்களை யூனிகோட்டுக்கு மாற்ற நிரல் எழுதின அக்காவோ 'தொடக்கநிலை' என்று போட்டு, அந்த வேலையை 'ஏனையவை' என்ற மூலைக்குள் எழுதியிருந்தா.

அது சும்மா எழுத்துக்கெழுத்து மாத்துற வேலையில்லை. 'கெ' எழுத பாமினியில் கொம்பை முதல் தட்டவேணும். யூனிகோட்டில் ககரம் முதல், கொம்பு பிறகு. 'கொ' வந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் நிற்கிறதை ஒன்றாக்கவேணும். இது தெரிஞ்ச ஆளைத் தேடி வாறவர் எங்கட பட்டியலில் எந்தப் பெட்டியைத் திறப்பார்?

தரம் போடுற பெட்டியைத் தூக்கவேணும் என்கிறோம். மொழியின் பெயர் இருக்கட்டும். கடைக்கு பில் போட மென்பொருள் தேடுறவருக்கு அதுகூடத் தேவையில்லை. முதல் கேள்வி, 'என்ன செய்தனீங்கள், அதை ஆர் பாவிக்கினம்?' ஒன்றும் செய்யாத முதலாம் வருடப் பிள்ளைகளின் இடம் வெறுமையாகக் கிடக்குமே என்று எங்களுக்குள்ளேயே சண்டை. 'இப்ப என்ன பழகுறீங்கள்?' என்று இன்னொரு வரி சேர்த்தாச்சு. அக்காவின் படிவத்தையும் திருப்பிக் குடுத்திருக்கிறோம்.