பணிக்கொடையில் சேராதவை

பணி நிறைவு நாளன்று நம் தோளில் பொன்னாடை போர்த்துகிறார்கள், மாலை இடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு சுவர்க் கடிகாரமும் பரிசாகக் கிடைக்கிறது. இனி எந்த நேரத்திற்கும் எங்கும் செல்ல வேண்டாதவருக்குக் கடிகாரம் வழங்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் நல்ல நகைச்சுவை உணர்வு உடையவராக இருந்திருக்க வேண்டும்.

ஓய்வூதியக் கணக்கு, பணிக்கொடை, வைப்புத்தொகைக்கான வட்டி ஆகியவை பற்றி அறிவுரை கூற ஆயிரம் பேர் உள்ளனர். அவற்றின் தேவையை நாம் மறுக்கவில்லை. கையில் காசில்லாத முதியவரிடம் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவது கொடுமை. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் செம்மையாக அமைந்த வீடுகளிலும், காலை பத்து மணிக்கு வாசலுக்கும் கூடத்துக்குமாக ஒருவர் நடந்துகொண்டே இருப்பதைக் காண்கிறோம். தமிழக அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020 மே மாதத்தில் 58 இலிருந்து 59 ஆக உயர்த்தியது. 2021 பிப்ரவரியில் 60 என அறிவித்தது. அப்போது நம்மில் பலர் அடைந்த நிம்மதிக்குச் சம்பளம் மட்டுமே காரணம் என்று நாம் நம்பவில்லை. வீட்டில் என்ன செய்வது என்ற கேள்வியும் தள்ளிப்போயிற்று அல்லவா?

எந்த வீட்டுக்குத் திரும்புகிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. முப்பது ஆண்டுகளாகப் பத்திலிருந்து ஐந்து வரை அவ்வீடு நாம் இல்லாமலேயே நடந்து வந்திருக்கிறது. பகல் உணவை முடித்துவிட்டு, ஒரு வார இதழைக் கையில் எடுத்துக்கொண்டு துணைவியார் சாயும் அந்த அரைமணி நேரம்தான் அன்றைய நாளில் அவருக்கென்று வாய்த்த ஒரே பொழுது. அதற்குள் நாம், புதிதாக மாற்றலாகி வந்த மேலதிகாரியைப் போல நுழைகிறோம். பருப்பு டப்பாக்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறோம். எரிவாயு உருளை எத்தனை நாள் வந்தது என்று விசாரிக்கிறோம். பதினொரு மணிக்கு இன்னொரு காப்பி கேட்கிறோம். நமக்கு ஓய்வு வந்த நாளில் அவருக்கு வேலை கூடிவிட்டது. அவருக்கு எந்த வயதில் ஓய்வு என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. (அலுவலகம் சென்ற பெண்களின் நிலை இன்னும் மோசம், இரண்டு பணிகளில் ஒன்றிலிருந்துதான் அவர்கள் ஓய்வு பெறுகிறார்கள்.)

தொல்காப்பியர் கற்பியலில் இல்லறத்தின் கடைசிப் பருவத்தைப் பற்றிப் பேசுகிறார். பிள்ளைகளும் நல்ல சுற்றமும் சூழ்ந்திருக்க, இருவரும் உயர்ந்தவற்றைப் பயின்று வாழ்வதையே கழிந்த காலத்தின் பயனாகக் காட்டுகிறார். கிழவன், கிழத்தி என்று அவர் சொல்வது உரியவன், உரியவள் என்ற பொருளில்; இன்றைய பொருளில் படித்தாலும் பழுதில்லை. அங்கே இருவர் இருக்கிறார்கள் என்பதே நமக்கு முக்கியமாகப் படுகிறது. பயிலுதல் என்றால் மீண்டும் மாணவராதல். பலரை ஏவிப் பழகிய மனிதருக்கு அறுபதில் அது எளிதன்று.

ஓய்வுக்குப் பிறகு படிப்பேன், எழுதுவேன் என்று சொல்லாத இலக்கிய அன்பர் உண்டா? 1919 இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற உ.வே.சாமிநாதையர், எண்பதைக் கடந்த பின், 1937 இல் குறுந்தொகைப் பதிப்பை வெளியிட்டதை மேடைதோறும் எடுத்துக்காட்டுகிறார்கள். உண்மைதான். ஆனால் அவர் ஓய்வுக்கென்று புதிதாக ஒன்றைத் தேடிக்கொண்டவர் அல்லர். 1887 இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட காலத்திலேயே அந்த வேலை அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஓய்வுக்காக நாம் வாங்கி அடுக்கிய நூல்களோ இன்னும் அடுக்கியபடியே இருக்கின்றன.

நட்பிலும் இதே கதைதான். 1938 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பல பத்தாண்டுகளாக மனிதர்களைத் தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வு, முதுமையின் நலத்துக்கு நெருங்கிய உறவுகளே பெருந்துணை என்கிறது. நம் நண்பர்களில் பாதிப்பேர் நாற்காலிக்கு நண்பர்களாக இருந்தவர்கள் என்பது மூன்று மாதங்களில் தெரிந்துவிடுகிறது. துணைவியாருக்கோ தெருவெங்கும் ஆட்கள். கறிவேப்பிலை கேட்டு வந்தவர்களெல்லாம் அவருக்கு நண்பர்களாகியிருக்கிறார்கள்.

நம் வீட்டில் இப்போது செவ்வாய்க்கிழமைச் சமையல் நம்முடையது. அன்று பத்து மணிக்குத் துணைவியார் நூலகத்துக்குப் புறப்பட்டுவிடுவார். எப்போது திரும்புவார் என்று முதல் மாதம் கேட்டோம், இப்போது கேட்பதில்லை. ரசம் மட்டும் இன்னும் கைவரவில்லை, புளி கூடிவிடுகிறது. அளவு கேட்டால், "கண்ணளவுதாங்க" என்கிறார். முப்பது ஆண்டுகள் பார்த்த எந்தக் கோப்பிலும் அப்படியோர் அளவை நாம் கண்டதில்லை.